பச்சை லாரியின் மூடாத கதவு

இது நடந்தபோது மேர்த்தாவுக்குப் பத்து வயதா பதினொரு வயதா என்று எனக்குச் சரியாக நினைவில்லை. பதினொன்று என்று அவள் சொல்கிறாள். பத்து என்று அவளுடைய அப்பா சொல்கிறார். மாதம் மே என்றுதான் நினைக்கிறேன். எங்கள் வடகோடிக் குளிர்நாட்டு ஏரியில் பனிப்பாளங்கள் இன்னும் மிதந்துகொண்டிருந்தன என்பது மட்டும் ஞாபகம் இருக்கிறது. ஆனால், அந்த லாரி பச்சை நிறம் என்பதிலும், அதன் கதவு மூடவில்லை என்பதிலும் எங்கள் ஊரில் யாருக்கும் சந்தேகம் கிடையாது.

சனிக்கிழமை காலை. மேர்த்தாவின் அப்பா ஹோக்கன் ரொட்டியைத் தின்ன மறந்துவிட்டு போனையே பார்த்துக்கொண்டிருந்தார். போனில் ஒரு பழைய லாரியின் படம் இருந்தது. உருண்டையான மூக்கு, அகலமாகத் திறந்த இரண்டு கண்கள் மாதிரி விளக்குகள், எழுபது வயது. விளம்பரத்தில் ஒரே ஒரு வரிதான்: 'புதுப்பிக்கும் வேலை பாதியில் நிற்கிறது. வந்து பார்க்கலாம்.'

"உல்ரிகா, இதைப் பாரேன்" என்றார் அப்பா.

அம்மா பார்க்கவில்லை. மருந்துக்கடைச் சீருடையின் பொத்தானைப் போட்டுக்கொண்டே கேட்டாள்: "நம்ம கொட்டகைக்குள்ள ஏற்கெனவே என்னென்ன இருக்கு, சொல்லு பார்ப்போம்."

"படகு."

"அடி இல்லாத படகு."

"பனி ஸ்கூட்டர்."

"இன்ஜின் இல்லாத ஸ்கூட்டர்."

"பியானோ" என்றார் அப்பா, குரலைத் தாழ்த்தி.

"அதைப் பத்திப் பேசவே வேண்டாம்."

மேர்த்தா சிரித்தாள். ஆனால் முழுசாகச் சிரிக்க முடியவில்லை. அப்பா ஒவ்வொரு சாமானையும் வாங்கி வந்த நாள் அவளுக்கு நினைவிருந்தது. அன்றைக்கு அவர் விசில் அடித்துக்கொண்டே இருப்பார். ஒரு மாதம் ராத்திரி பகல் பார்க்காமல் வேலை நடக்கும். பிறகு எங்கேயோ ஒரு இடத்தில் மாட்டிக்கொள்ளும். அதற்கப்புறம் அப்பா கொட்டகையைத் தாண்டிப் போகும்போது முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொள்வார். வாரக்கணக்கில் பேச்சு குறைந்துவிடும்.

இத்தனைக்கும் அப்பா கைவேலை தெரியாதவர் இல்லை. மேர்த்தாவின் பள்ளியில் ஜன்னல், நாற்காலி, தண்ணீர்க் குழாய், கொதிகலன் எல்லாவற்றையும் பார்த்துக்கொள்கிறவர் அவர்தான். அங்கே எதுவும் பாதியில் நின்றதே இல்லை.

அம்மா கோட்டை மாட்டிக்கொண்டாள். "நான் போய்ப் பார்த்தா வேண்டாம்னுதான் சொல்வேன். நீ போய்ப் பார்த்தா சரின்னுதான் சொல்வே. அதனால மேர்த்தா போகட்டும். அவ சரின்னா சரி. அவ வேண்டாம்னா, பேச்சே கிடையாது."

"சம்மதம்" என்றார் அப்பா, ஒரு நொடிகூட யோசிக்காமல். மகள் தன் கட்சி என்ற நம்பிக்கை.

மேர்த்தா மாடிக்கு ஓடிப்போய்க் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தைக் கிழித்துக் கேள்விகள் எழுதினாள்.

'ஒன்று: துரு எவ்வளவு? இரண்டு: எல்லாச் சாமானும் இருக்கிறதா? மூன்று: வண்டிக்குக் காகிதங்கள் உண்டா? நான்கு: இன்ஜின் ஓடுமா?'

பென்சிலைக் கடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தாள். பிறகு ஐந்தாவதை எழுதினாள்: 'அவர் ஏன் விற்கிறார்?'

கிளம்பும்போது குளிர்பெட்டிக் கதவில் ஒட்டியிருந்த கடமான் உருவக் காந்தத்தையும் பிடுங்கிப் பையில் போட்டுக்கொண்டாள்.

"அது எதுக்கு?" என்றார் அப்பா.

"அப்புறம் சொல்றேன்."

எழுபது கிலோமீட்டர். சாலையோரப் பனி உருகி, மண் களியாகிக் கிடந்தது. நடுவழியில் ஒரு பனிமான் கூட்டம் நகர மாட்டேன் என்று நின்றது. அப்பா அவற்றைக்கூடத் திட்டவில்லை. விசில் அடித்துக்கொண்டே இருந்தார். அந்த விசிலைக் கேட்கக் கேட்க மேர்த்தா ஐந்து கேள்விகளையும் மறுபடி மறுபடி படித்துப் பார்த்துக்கொண்டாள்.

லாரிக்காரர் பெயர் தூரே. அறுபத்தைந்து வயது இருக்கும். குளிர்காலத்தில் சாலையில் பனி தள்ளும் வண்டியை நாற்பது வருஷம் ஓட்டியவர். தனியாக வண்டியில் உட்கார்ந்தே பழகியதால் பேச்சு குறைவு. கை கொடுத்தார், கொட்டகைக் கதவைத் தள்ளினார், அவ்வளவுதான்.

உள்ளே லாரி நின்றது.

அப்பாவின் விசில் நின்றுவிட்டது. "அடேயப்பா" என்று மட்டும் சொன்னார்.

மேர்த்தாவுக்கும் பிடித்துப்போயிற்று. அதுதான் பிரச்சினை. பாசியின் பச்சை. பளபளக்கும் மூக்கு. ஓட்டுநர் இருக்கையில் தூரேயின் சாம்பல் நிற நாய் தலையை ஸ்டீயரிங்கில் சாய்த்துத் தூங்கிக்கொண்டிருந்தது.

'பிடித்திருக்கிறதா என்று யாரும் கேட்கவில்லை. வாங்கலாமா என்றுதான் கேட்டிருக்கிறார்கள்' என்று அவள் தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். காகிதத்தை விரித்தாள்.

"இவ யாரு?" என்றார் தூரே.

"என் பொண்ணு. முடிவு அவ கையில" என்றார் அப்பா கூச்சத்தோடு.

தூரே மேர்த்தாவை மேலும் கீழும் பார்த்தார். "அப்படின்னா வாங்க, நீதிபதி அம்மா. என்ன கேக்கணுமோ கேளுங்க."

எங்கள் பக்கத்தில் பிள்ளைகள் பெரியவர்களையும் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவார்கள். மேர்த்தாவும் அப்படியே கேட்டாள். "தூரே, நான் உங்க லாரி மேல ஒரு மானை விடலாமா?"

"மானையா?"

அவள் காந்தத்தை எடுத்து மட்கார்டில் வைத்தாள். டக் என்று ஒட்டிக்கொண்டது.

"இரும்பு இருந்தா ஒட்டும். ஓட்டையைப் பட்டி வச்சு அடைச்சு மேலே பெயிண்ட் அடிச்சிருந்தா விழுந்துடும்" என்றாள்.

"இதெல்லாம் உனக்கு யாரு சொன்னது?" என்றார் அப்பா ஆச்சரியமாக.

"நீங்கதான். பியானோ வாங்கின வருஷம் ஒரு காரைப் பார்க்கப் போனோம்ல, அப்ப சொன்னீங்க. சொல்லிட்டு நீங்க மறந்துட்டீங்க."

தூரேயின் மீசை ஒரு பக்கம் லேசாக ஏறி இறங்கியது.

கடமான் லாரி முழுக்க நடந்தது. மூக்கில் ஒட்டியது, கதவில் ஒட்டியது, கூரையில் ஒட்டியது. இடது பின்பக்க மூலையில் மட்டும் கீழே விழுந்தது.

தூரேயின் காது சிவந்துவிட்டது. "அந்த ஒரு இடம் மட்டும்... பனியில சறுக்கி மரத்துல இடிச்சது. உள்ளங்கை அகலம்தான்."

"நேர்மையாச் சொல்லிட்டாரு பாரு!" என்றார் அப்பா.

"மான் விழுந்தப்புறம்தானே சொன்னாரு" என்றாள் மேர்த்தா. துரு என்ற இடத்தில் 'பட்டி வைத்தது உள்ளங்கை அளவு' என்று எழுதினாள்.

சாமான்கள் சுவரோரம் ஐஸ்கிரீம் டப்பாக்களில் அடுக்கியிருந்தன. முப்பத்தெட்டு டப்பாக்கள். ஒவ்வொன்றிலும் அழகான கையெழுத்தில் சீட்டு: 'பின் பிரேக்', 'துடைப்பான்', 'விளக்கு'. மேர்த்தா ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தாள். சீட்டில் என்ன எழுதியிருந்ததோ அதுவே உள்ளேயும் இருந்தது. அவள் வீட்டில் 'வெனிலா' என்று போட்டிருக்கும் டப்பாவைத் திறந்தால் போன வருஷத்து மீன்தான் இருக்கும்.

காகிதங்கள் ஒரு உறையில் பத்திரமாக இருந்தன. இன்ஜின் இரண்டு முறை இருமிவிட்டு ஓடியது. நாய் எழுந்து கொட்டாவி விட்டு மறுபடி படுத்தது. அப்பாவின் முகம் விளக்கு ஏற்றின மாதிரி ஆகிவிட்டது.

மேர்த்தா டார்ச்சை வாங்கிக்கொண்டு லாரிக்கு அடியில் மல்லாந்து நுழைந்தாள். சேஸிஸ், அதாவது வண்டியின் அடிச்சட்டம், சுத்தமாக, கறுப்பாக மின்னியது. மேலே கேபின் நான்கு கால்களில் அதன்மேல் உட்கார்ந்திருந்தது. ஒவ்வொரு காலுக்கடியிலும் ஒரு ரப்பர் வில்லை. ஒவ்வொரு ரப்பரைச் சுற்றியும், காலின் பழைய பச்சை பெயிண்டில் வெளிறிப்போன ஒரு கோடு தெரிந்தது. கொண்டை ஊசி மாதிரி வளைந்த கோடு. இது என்னவோ என்று நினைத்தாள். தெரியாததையும் எழுதிவைப்பது அவள் பழக்கம். காகிதத்தின் மூலையில் அந்த வளைவை வரைந்துகொண்டாள்.

வெளியே வந்தபோது அப்பா ஓட்டுநர் பக்கக் கதவைச் சாத்திப் பார்த்துக்கொண்டிருந்தார். கதவு தூணில் முட்டித் திரும்பி வந்தது. இன்னொரு தரம் சாத்தினார். இன்னொரு தரம் வந்தது. மேலே ஒரு நகம் நுழையாது, கீழே இரண்டு விரல் நுழையும். அப்படி ஒரு கோணல்.

"அது மூடாது" என்றார் தூரே. "மூணு வருஷமா மூடலை. பெயிண்ட் அடிக்கறதுக்காகக் கேபினைச் சங்கிலி போட்டுத் தூக்கினேன். திரும்ப இறக்கினதுல இருந்து இப்படித்தான். கீலை ராவிப் பார்த்துட்டேன், தட்டிப் பார்த்துட்டேன், கதவையே மாத்திப் பார்த்துட்டேன். தூக்கறப்போ நான்தான் கேபினை முறுக்கிட்டேன் போல."

"யாரையாவது கூப்பிட்டுக் காட்டினீங்களா?" என்றாள் மேர்த்தா.

தூரே கீழே கிடந்த ஒரு துணியை எடுத்துக் கையைத் துடைத்துக்கொண்டார். கூப்பிடவில்லை என்று அர்த்தம்.

"சின்ன விஷயம்தான் கண்ணு" என்றார் அப்பா அவசரமாக. "கதவுதானே! நான் பார்த்துக்கறேன்."

படகு வாங்கியபோதும் அவர் இதையேதான் சொன்னார். 'அடிதானே! நான் பார்த்துக்கறேன்.'

மேர்த்தா ஐந்தாவது கேள்விக்கு வந்தாள். "தூரே, இதை ஏன் விக்கறீங்க?"

கூரையிலிருந்து உருகிய பனி சொட்டிக்கொண்டிருந்தது. தூரே தன் இரண்டு கைகளையும் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இந்தக் கைக்கு வேலை தெரியலை" என்றார் கடைசியில். "மூணு வருஷம் அந்தக் கதவு என்னைப் பார்த்துச் சிரிச்சாச்சு. போதும். வேலை தெரிஞ்சவன் யாராவது எடுத்துட்டுப் போகட்டும்."

மேர்த்தா தலையைக் குனிந்துகொண்டு எழுதினாள். 'கதவு: மூடாது. கேபின் முறுக்கியிருக்கலாம்.' அதற்குக் கீழே 'முடிவு' என்று எழுதி நிறுத்தினாள். அப்பா அவள் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தார். அவள் காகிதத்தை நெஞ்சோடு சேர்த்துக்கொண்டாள்.

வேண்டாம் என்றுதான் எழுதப் போகிறாள். முறுக்கிய கேபினை வீட்டுக்குக் கொண்டுபோனால் அப்பா ஒரு மாதம் விசில் அடிப்பார். பிறகு அதுவும் படகுக்குப் பக்கத்தில் போய் நிற்கும். பிறகு அந்த முகம் அந்தப் பக்கம் திரும்பிக்கொள்ளும். ஆனால் 'வேண்டாம்' என்று எழுதினாலும் இன்றைக்கே அந்த முகம் வாடிவிடும். எப்படிப் பார்த்தாலும் இடிக்கிறது.

தூரே சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். "மூணு மணி" என்றார். "காப்பி."

மூன்று மணி ஆகிவிட்டால் வீடே பற்றி எரிந்தாலும் காப்பி குடித்துவிட்டுத்தான் அணைக்கப் போவார் அவர். அதை அந்த வட்டாரமே சொல்லும்.

கொட்டகையின் ஓரத்தில் ஒரு மேசை, மூன்று நாற்காலி. பட்டையும் சர்க்கரையும் தூவிய ரொட்டிச் சுருள்கள். எங்கள் பக்கத்து வழக்கப்படி தூரே தன் காப்பிக்குள் பாலாடைக்கட்டித் துண்டுகளைப் போட்டுக்கொண்டார். அப்பாவும் போட்டுக்கொண்டார். மேர்த்தாவுக்குச் சிவப்பான லிங்கன்பெர்ரிச் சாறு.

சாறு தீர்ந்துபோய் டம்ளரைக் கீழே வைத்தபோது ணங் என்றது. மர மேசையில் அந்தச் சத்தம் எப்படி வரும்? மேர்த்தா டம்ளரைத் தூக்கிப் பார்த்தாள். அடியில் ஒரு சின்ன இரும்புத் தகடு. மேசையில் கறை படாமல் இருக்கத் தூரே வைத்திருக்கிறார். நடுவில் பிளந்து, இரண்டு காலோடு இருந்தது.

கொண்டை ஊசி மாதிரி.

அவள் அப்பாவின் கப்புக்கு அடியில் பார்த்தாள். அங்கேயும் ஒன்று, ஆனால் இன்னும் கனமானது. தூரேயின் கப்புக்கு அடியில் அதே கனத்தில் ஒன்று. காப்பிக் கெண்டிக்கு அடியில் ஒன்று. தன் தகட்டின் விளிம்பை நகத்தால் சுரண்டினாள். பாசிப் பச்சை.

காகித மூலையில் வரைந்ததோடு தகட்டை ஒட்டிப் பார்த்தாள். அதே வளைவு. கேபினின் கால்களுக்கும் சேஸிஸுக்கும் நடுவில் இருக்க வேண்டிய பேக்கிங் தகடுகள் இவை. ஒவ்வொரு மூலையையும் சரியான உயரத்துக்குக் கொண்டுவருகிறவை. வீட்டில் சாப்பாட்டு மேசை ஆடும்போது அம்மா காலுக்கடியில் அட்டை மடித்து வைப்பாளே, அது மாதிரி. இவை இல்லாமல் இறக்கிவைத்தால் கேபின் ஒரு பக்கம் சாய்ந்து உட்காரும். கதவு மூடாது.

அப்படியானால் கேபின் முறுக்கவே இல்லை!

மேர்த்தா வாயைத் திறந்தாள். உடனே மூடிக்கொண்டாள்.

இப்போது 'சரி' என்று எழுதினால் போதும். அப்பா லாரியை வாங்கிவிடுவார். மூடாத கதவுக்கான குறைந்த விலைதான். தகடுகளையும் கேட்டால் தூரே சும்மாவே கொடுத்துவிடுவார், இதைப் போய் யார் கேட்பார்கள் என்று சிரிப்பார். நாளைக்கே கதவு மூடும். அப்பாவின் விசில் நிற்கவே நிற்காது.

தூரே குனிந்து ரொட்டித் துணுக்குகளை ஒற்றை விரலால் ஒற்றி எடுத்துக்கொண்டிருந்தார். பெரிய கை. அதில் பழைய காயங்கள். இந்தக் கைக்கு வேலை தெரியலை என்று சொன்ன கை. லாரி போய்விட்ட பிறகும் அவர் இதே மேசையில் மூன்று மணிக்கு உட்கார்ந்து அதையேதான் நினைத்துக்கொண்டிருப்பார்.

மேர்த்தா அப்பாவைப் பார்த்தாள். லாரியைப் பார்த்தாள். கூரை சொட்டிக்கொண்டே இருந்தது.

"தூரே" என்றாள். "இந்தத் தகடெல்லாம் உங்களுக்கு எங்கேருந்து கிடைச்சுது?"

"இதா? கேபினைத் தூக்கினன்னிக்குக் கீழே கிடந்துச்சு. ஏதோ கழிவு இரும்பு. சரியா மூணு மணி, காப்பி நேரம். மேசைக்கு ஆச்சுன்னு எடுத்து வச்சேன். ஆறு இருந்துச்சு. ஒண்ணு அந்தப் பூந்தொட்டிக்குக் கீழே. ஒண்ணு இந்த மேசைக் காலுக்கு..."

பாதியில் நிறுத்தினார். மேர்த்தா டம்ளர்த் தகட்டைத் தூக்கிப் பிடித்திருந்தாள். பக்கத்தில் காகிதத்தில் இருந்த வளைவு.

"லாரிக்கு அடியில இந்த அச்சு இருக்கு. நாலு மூலையிலயும்" என்றாள். "உங்க கையில ஒரு தப்பும் இல்லை. காப்பி நேரம்தான் தப்பா வந்துடுச்சு."

தூரே எழுந்தார். நாற்காலி பின்னால் சாய்ந்து விழுந்தது. அதை எடுத்து நிறுத்தக்கூட அவருக்குத் தோன்றவில்லை. டார்ச்சோடு லாரிக்கடியில் போனார். அவருடைய பூட்ஸ் மட்டும் வெளியே தெரிந்தது. ரொம்ப நேரம் அசையவே இல்லை.

"உயிரோட இருக்காரா?" என்று அப்பா கிசுகிசுத்தார்.

"ஜாக்கியை எடுங்க!" என்று பூட்ஸ் கத்தியது.

அப்புறம் மூன்று பேரும் வேலையில் இறங்கினார்கள். தூரே போல்ட்டுகளைத் தளர்த்தினார். அப்பா ஜாக்கியால் கேபினின் ஒரு மூலையை விரலளவு தூக்கினார். மேர்த்தாவின் கை சின்னது. அவள்தான் தகடுகளை இடுக்கில் நுழைத்தாள். எந்தத் தகடு எந்த மூலைக்கு என்று யாருக்கும் தெரியாது. முதல் தரம் கதவு முன்பைவிட மோசமாக முட்டியது.

"அடடா, இப்ப ஜன்னல் வழியாத்தான் ஏறணும்" என்றார் அப்பா.

"பேசாதே, தூக்கு" என்றார் தூரே.

"தூக்கிட்டுத்தானேய்யா இருக்கேன்!"

இரண்டாவது தரம் இந்தப் பக்கம் இடித்தது. மூன்றாவது தரம் நூலிழையில் தப்பியது. நான்காவது தரம் கனமான இரண்டு தகடுகளையும் இடது முன் மூலைக்கு மாற்றினாள் மேர்த்தா. தூரே போல்ட்டுகளை இறுக்கிவிட்டுக் கதவுக்கு முன்னால் போய் நின்றார். தொடப் பயந்தவர் மாதிரி ஒற்றை விரலால் தள்ளினார்.

க்ளிக்.

நாய் தலையைத் தூக்கிப் பார்த்தது.

தூரே கதவைத் திறந்தார், சாத்தினார். க்ளிக். திறந்தார், சாத்தினார். க்ளிக். மேர்த்தா எண்ணினாள். பதினொரு தரம். பிறகு அவர் சட்டைக் கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, யாரையும் பார்க்காமல் சொன்னார்: "ஹோக்கன்... மன்னிச்சுக்கோ. இதை நான் விக்கலை."

அப்பா லாரியின் மூக்கை ஒரு தரம் தடவினார். பிறகு மூச்சை உள்ளே இழுத்து, "ஊப்" என்றார். எங்கள் பக்கத்தில் அதுதான் 'ஆமாம்'.

திரும்பும் வழியில் விசில் இல்லை. இருபது கிலோமீட்டர் போனது. நாற்பது போனது. காடு, ஏரி, காடு. மேர்த்தா காகிதத்தை மடித்து மடித்துத் தபால்தலை அளவுக்குக் கொண்டுவந்துவிட்டாள்.

"கோபமா அப்பா?"

"இல்லை."

இன்னும் ஐந்து கிலோமீட்டர்.

"கொஞ்சம்" என்றார் அப்பா. "உன்மேல இல்லை. அதே தகட்டு மேலதான் நானும் காப்பி குடிச்சேன். ரெண்டு கப். நான் என்னத்தைப் பார்த்தேன் தெரியுமா?"

"என்ன?"

"ரொட்டிச் சுருள் எத்தனை மிச்சமிருக்குன்னு பார்த்தேன்."

மேர்த்தாவுக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணும் நிறைந்தது. "நான் சொல்லாம இருந்திருந்தா உங்களுக்கு லாரி கிடைச்சிருக்கும்."

அப்பா ஒரு வளைவில் வண்டியின் வேகத்தைக் குறைத்தார். "கிடைச்சிருக்கும்" என்றார். "ஆனா அந்த மனுஷனை மேசையில அப்படியே உட்கார வச்சுட்டு வந்திருப்போம். நீ செஞ்சதுதான் சரி, கண்ணு." பிறகு, "இன்னிக்கு வேலை நல்லா இருந்துச்சு இல்லே? மூணு பேருமா" என்றார்.

அந்தக் கடைசி வார்த்தையை மேர்த்தா மனசுக்குள் போட்டு வைத்துக்கொண்டாள். பள்ளியில் அப்பா எப்போதும் சமையல்கார அண்ணனோடோ, ஓவிய டீச்சரோடோ பேசிக்கொண்டேதான் வேலை செய்வார். வீட்டுக் கொட்டகையில்தான் தனியாக இருப்பார். தூரேயும் அப்படித்தான், மூணு வருஷம் தனியாக.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை வாசலில் தூரே நின்றார். கையில் ஒரு கேக். தலையை வாரிச் சீவியிருந்தார். அம்மா காப்பி போட்டாள். இரண்டு ஆண்களும் எதிரெதிரே உட்கார்ந்து கேக்கைப் பற்றி இரண்டு வார்த்தையும், மழையைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசினார்கள். பிறகு ஆளுக்கு இன்னொரு துண்டு எடுத்துக்கொண்டார்கள்.

"லாரி எப்படி இருக்கு?" என்றாள் மேர்த்தா.

"கதவு மூடுது." தூரே கப்பைச் சுற்றினார். "பிரேக் வேலை பாக்கி. மின்சார வயர் பாக்கி. நிறையப் பாக்கி." இன்னொரு சுற்று. "பக்கத்து சீட்டு காலியா இருக்கு."

அப்பா ஜன்னலைப் பார்த்தார். தூரே கேக்கைப் பார்த்தார். ஒருவர் கேட்க மாட்டார், இன்னொருவர் சொல்ல மாட்டார். விட்டால் அடுத்த பனிக்காலம்வரை இப்படியே உட்கார்ந்திருப்பார்கள்.

"தூரே" என்றாள் மேர்த்தா. "முழு லாரியை விக்க வேண்டாம். பாதியை விப்பீங்களா?"

"பாதியா?" என்றாள் அம்மா. "எந்தப் பாதி நம்மது? முன்பாதியா, பின்பாதியா? எதுவா இருந்தாலும் என் கொட்டகைக்கு வரக்கூடாது."

"அது என் கொட்டகையிலேயே இருக்கட்டும்" என்றார் தூரே, இத்தனை வேகமாக அவர் பேசி யாரும் கேட்டதில்லை. "சனிக்கிழமை சனிக்கிழமை வந்தாப் போதும். பெரியவர் வயரைப் பார்க்கட்டும். சின்னவங்க என்னைப் பார்த்துக்கட்டும், எதையாவது எடுத்து மேசையில வச்சுடாம."

அப்பா மேர்த்தாவைப் பார்த்தார். அவர் வாக்குக் கொடுத்திருந்தார். முடிவு அவள் கையில்தான்.

மேர்த்தா அப்பாவின் கோட்டுப் பையிலிருந்த பேனாவை எடுத்தாள். தபால்தலை அளவுக்கு மடிந்திருந்த காகிதத்தை மேசையில் நீவி விரித்தாள். 'முடிவு' என்று எழுதியிருந்ததற்கு எதிரே 'சரி' என்று எழுதி, அதற்குப் பக்கத்தில் 'சேர்ந்து செய்தால்' என்றும் எழுதினாள்.

"ஊப்" என்றார் அப்பா.

"ஊப்" என்றார் தூரே.

லாரி வேலை முடிய இன்னும் இரண்டு வருஷம் பிடித்தது. இப்போது அது கோடைக்காலம் முழுக்கச் சாலையில் ஓடுகிறது. ஒரு வாரம் தூரே ஓட்டுவார், மறுவாரம் ஹோக்கன். உல்ரிகா ஒரே ஒரு முறை ஏறினாள், இருக்கை கல் மாதிரி இருக்கிறது என்று சொல்லிவிட்டாள். தூரேயின் நாய்க்கு வயதாகிவிட்டது, அதைத் தூக்கித்தான் கேபினில் ஏற்ற வேண்டும். மேர்த்தாவுக்கு இப்போது பதினாறு. பாதியில் நிற்கும் பழைய வண்டியை வாங்கலாமா என்று பார்க்கப் போகிறவர்கள் அந்த வட்டாரத்தில் அவளையும் கூட அழைத்துப் போகிறார்கள். இதுவரை ஒன்பது பேரிடம் வேண்டாம் என்றும், இரண்டு பேரிடம் சரி என்றும் சொல்லியிருக்கிறாள்.